எட்டாத கால்

பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நுனிவிரல்தான் தரையைத் தொட்டது.

"மேடம், அந்தச் சின்னத எடுத்துக்கங்க. ரெண்டு காலும் நல்லா ஊனிக்கலாம்," என்றார் ஷோரூம்காரர்.

அப்பா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைப்போலவே குள்ளம். நான் பள்ளியில் படித்த காலத்தில், ஆம்பூரில் தோல் கம்பெனி வேலைக்குப் போக அவர் சின்ன வண்டிதான் வாங்க இருந்தார். பெரியதுதான் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தவள் நான்.

வாங்கிய வாரமே, தோல் வாடையடிக்கும் வேலைச் சட்டையோடு பள்ளிக்கு என்னைக் கூப்பிட வந்தார். வாசலில் நிறுத்தினார். கால் எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்து புழுதியில் விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"யாருடி அது?" என்றாள் தோழி.

"பக்கத்து வூட்டுக்காரரு."

தூக்கிவிடக்கூடப் போகாமல் நடந்தே வீடு வந்தேன். "நீ வந்தத நான் பாக்கலப்பா," என்றேன். முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவர் தலையாட்டினார். நம்பிவிட்டார் என்றே இத்தனை வருடமும் இருந்தேன்.

இன்றைக்கு ஷோரூமில் சின்ன வண்டிக்கே சொல்லிவிட்டேன். இன்சூரன்ஸ் படிவத்தில் நாமினி கேட்டார்கள். அப்பாவைக் காட்டினேன்.

"பெரியவர் உங்களுக்கு இன்னா உறவு, மேடம்?"

நான் வாய் திறப்பதற்குள், என்னைப் பார்க்காமலே அப்பா சிரித்துக்கொண்டு சொன்னார்:

"பக்கத்து வூட்டுக்காரன்பா."