தேடினால் வராத பக்கம்

என் அக்கா தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிஷின், சுவரை ஒட்டித் துணி வெட்டும் மேசை, மூலையில் திரை போட்ட மறைப்பு, அதற்குள் ஆளுயரக் கண்ணாடி. மாமா பஸ் ஓட்டுநர். டிப்போவிலிருந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் மேசை நுனியில் உட்கார்ந்து, அன்றைக்கு ஏறியவர்கள், இறங்கியவர்கள், சண்டை போட்டவர்கள் கதையெல்லாம் சொல்வார். அக்கா வாயில் குண்டூசியைக் கடித்தபடியே 'ம்' கொட்டுவாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேச்சுக்கு மட்டும் குறைவே இல்லை.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கத்தை எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறி மறுபடி மிஷின் முன் உட்கார்ந்தபோதுதான் அடுத்த தொல்லை தெரிந்தது. எந்த உள்ளாடையும் உடம்பில் நிற்கவில்லை. ஒரு பக்கம் காலியாக இருந்ததால் துணி மேலே ஏறியது, தோள் சாய்ந்தது, தழும்பில் விளிம்பு உரசியது. கடைகளில் வாங்கிப் பார்த்ததெல்லாம் உறுத்தியது. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துத் தன் பழைய உள்ளாடை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டாள்.

பஞ்சு அடைத்துப் பார்த்தாள். கனமில்லாமல் மேலே எழும்பியது. பஞ்சுக்கு நடுவே தினையை ஒரு சின்னப் பையில் தைத்து வைத்தாள். சமையலறைத் தராசில் நிறுத்து நிறுத்துக் கூட்டினாள், குறைத்தாள். உட்புறம் மெல்லிய பருத்தியில் ஒரு பை, பக்கவாட்டில் திறப்பு. துவைக்கும்போது அடைப்பை உருவி எடுத்துவிடலாம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"நேரா இருக்காடி?"

நேராக இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அப்போதும் நகரவில்லை.

மருத்துவமனை நர்ஸ் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு பெண்களை அனுப்பிவைத்தார். மாமாவுக்கு அது போதாதா? "பாப்பா, இது வீட்டுக்குள்ளயே கிடக்கக் கூடாது. நீ ஒரு வெப்சைட் போட்டுக் குடு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள். இணையத்தில் அரைகுறைதான். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ரெடிமேட் மாதிரி ஒன்றை எடுத்து, அக்காவின் படத்தையும் அவள் ஆபரேஷன் கதையையும் போட்டுத் தளத்தை உருவாக்கினேன். அக்கா பக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு ஒருவரும் அழைக்கவில்லை. மாமா மட்டும் தினமும் வண்டி எடுக்கும் முன் போனில் தேடிப் பார்ப்பார்.

"எட்டாவது பக்கம் வரைக்கும் போயிட்டேன் பாப்பா. பனியன்லேர்ந்து நாய்க்குட்டிச் சட்டை வரைக்கும் வருது. நம்மள மட்டும் காணோம்."

"புது சைட்டு மாமா. மேல வர நாளாகும்."

நாளாகிக்கொண்டே போயிற்று. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு மாலை நானே உட்கார்ந்தேன். தளத்தின் முகவரியையே எழுத்துப் பிசகாமல் தேடும் இடத்தில் அடித்தேன். அதற்கும் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. நாங்கள் வரிசையில் கடைசியில் நிற்கவில்லை, வரிசையிலேயே இல்லை. தளத்தின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினேன். கீழே ஒரு வரி: 'தேடல் முடிவுகளில் இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம்.' அதன் பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக்.

அதை நான் போடவில்லை. மாமாவுக்குக் கடவுச்சொல் தெரியாது.

மறுநாள் போனபோது அக்கா கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஊசி நின்றது.

"நான்தான் போட்டேன்."

"தெரியாம கை பட்டுடுச்சா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்." துணியை மடியில் வைத்தாள். "எனக்கும் ஆபரேஷன் ஆச்சுன்னு நீ எழுதியிருந்தேல்ல, தப்பில்ல. ஆனா அதப் படிச்சிட்டு வர்றவங்க கண்ணு முதல்ல எங்க போகும், சொல்லு? அளவெடுக்கறவ நான். அவங்க என்னை அளவெடுப்பாங்க." "அவரு சின்னப் புள்ள மாதிரி ஆசைப்பட்டாரு. வேணாம்னு சொல்ல வாய் வரல. சைட்டு பாட்டுக்கு இருக்கட்டும், யார் கண்ணுலயும் படாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வாசலில் மாமா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. உள்ளே வந்து மேசை நுனியில் உட்கார்ந்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, நாய்க்குட்டிச் சட்டை வரைக்கும் போயிருக்க மாட்டேனே" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "எடுத்துடலாம்மா. சைட்டே வேணாம். வியாபாரத்துக்காகவா நான் தேடினேன்?"

"வேற எதுக்கு?"

மாமா தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப, வீட்டுக்கு வந்தா என்ன போட்டுக்குவியோன்னு தெரியாம நெட்டுல தேடினேன். அதுக்கு என்ன பேருன்னுகூடத் தெரியாது. வாய்க்கு வந்ததெல்லாம் அடிச்சுப் பாத்தேன். உருப்படியா ஒண்ணும் வரல. டிப்போ பெஞ்சுல உக்காந்து அழுதேன். இப்பவும் அதே வார்த்தையத்தான் அடிக்கிறேன். இன்னிக்காவது நீ வர்றியான்னு பாக்கறேன்."

"என்ன வார்த்தை?"

அவர் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் பொம்பளைங்க உள்ள போடறது. வலிக்காதது."

"வலிக்காததுன்னு வேறயா அடிச்சீங்க?"

"வலிக்கக் கூடாதுல்ல?"

அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அன்று அவள் ஒன்றும் முடிவு செய்யவில்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். தன் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். நான் எழுதியிருந்த அலங்காரப் பத்திகளையும் அழிக்கச் சொன்னாள். அந்த இடத்தில் அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'ஆபரேஷனில் மார்பை எடுத்த பிறகு பெண்கள் போட்டுக்கொள்ளும் உள்ளாடை. வலிக்காது. நானும் இதைத்தான் போட்டிருக்கிறேன்.'

"கடைசி வரி இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்க்கா."

யோசித்தாள். "இருக்கட்டும்." டிக்கை அவள் கையாலேயே எடுத்தாள்.

தளத்தை வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். "வந்துட்டாளா?" என்று மாமா போன் போட்டு என்னை அரித்தெடுத்தார். சில நாள் கழித்து மூன்றாம் பக்கத்தில் தலைகாட்டினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தாள்.

முதலில் அழைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. விடுப்பு முடிந்து வகுப்புக்குத் திரும்ப வேண்டியவர். "நெஜமாவே நீங்களும் போட்டிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

அவர் வந்த அன்று நானும் இருந்தேன். திரைக்குப் பின்னால் வெகுநேரம் ஆயிற்று. முதலில் அளவு நாடா உருவும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் இடைமறித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் போன பிறகு அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே என்னிடம் வந்தாள்.

"பாத்தாங்கடி. நான் பயந்த மாதிரியே அங்கதான் பாத்தாங்க."

"அப்புறம்?"

"எந்தப் பக்கம்னே தெரியலையேன்னாங்க."

இப்போது அடிக்கடி யாராவது வருகிறார்கள். சிலர் தைக்கக் கொடுக்காமல் பேசிவிட்டு மட்டும் போகிறார்கள். திரை மூடியிருந்தால் மாமா உள்ளே வருவதில்லை. தெருமுனைக் கடைக்காரரிடம் நின்று கதை அளந்துகொண்டிருப்பார்.