நாற்பத்தேழாம் சந்தில் தேடப்பட்ட பன்றி

கியெம் முப்பத்தோரு வருடம் ஐஸ் பாக்டரியில் அம்மோனியாக் குழாய்களைக் கட்டி மேய்த்தவர். ஓய்வு பெற்றபோது கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. மூக்கை மட்டும் அது திருப்பித் தரவில்லை. அம்மோனியா வாடை மட்டும் இன்றுவரை அவருக்கு ஏறாது.

மூக்கு போனால் என்ன, வாய் இருந்தது. ஹனோய் நகரில் எங்கள் நாற்பத்தேழாம் சந்தின் குடியிருப்புத் தலைவர் அவர்தான். யார் வாசலில் குப்பை, யார் வீட்டு நாய் அவிழ்ந்து திரிகிறது என்று தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் வீட்டு எண்ணோடு சொல்லி மானத்தை வாங்குவார். அதன் பலனாகச் சந்து முனையில் ‘பண்பட்ட குடியிருப்பு’ என்ற சிவப்புப் பலகை பதினோரு வருடமாகத் தொங்கியது. அதற்காக உயிரையும் விடுவார் மனிதர்.

ஆகஸ்டில் பல்கலைக்கழகத்தார் காற்றை அளக்கும் கருவிக்கு இடம் தேடியபோது, தன் ஐந்தாம் மாடி மொட்டைமாடியை அள்ளிக் கொடுத்தார். அப்போது அங்கே இருந்த தெர்மோகோல் பெட்டிகளில் வெறும் மண்தான். குளிர் தொடங்கியதும் டெட் என்னும் புத்தாண்டுப் பண்டிகைக்காக நாற்பது பெட்டிகளில் கடுகுக்கீரை போட்டார். கீரைக்கு நடுவே கருவி நின்றால் சந்துக்கு நல்ல மதிப்பெண் விழும் என்பது அவர் நினைப்பு.

ஜனவரியில் வார்டு அலுவலகக் கடிதம் வந்தது. கருவி வைத்த இடங்களிலேயே அம்மோனியா அதிகம் உங்கள் சந்தில்தான், தடையை மீறிக் கால்நடை வளர்ப்பதாகச் சந்தேகம், உண்மையானால் பலகை பறிபோகும்.

கியெமுக்குச் சந்தேகமே இல்லை. பன்றிதான். டெட் நெருங்கினால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பன்றியைப் பங்கு போடும் வழக்கம் உண்டு. எவனோ முன்கூட்டியே வாங்கி வீட்டுக்குள் கொழுக்க வைக்கிறான். பன்றி அகப்பட்டதும் அதன் சொந்தக்காரர் பெயரை இதே மைக்கில் சொல்வேன், அவர் யாராயிருந்தாலும் சரி என்று அன்று மாலையே அறிவித்தார்.

மூன்று நாள் வீடு வீடாகத் தேடினார். கட்டிலடி, அலமாரி, குளியலறை எதையும் விடவில்லை. ஒன்பதாம் எண் வீட்டு மாடியில் உறுமல் கேட்டுக் கதவைத் திறந்தால், தையற்காரரின் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். கியெம் உடனே நகரவில்லை, நிச்சயப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். இன்னொரு வீட்டு அம்மாள், உயிருள்ள பன்றி ஃபிரிட்ஜுக்குள் உட்காருமா என்று கேட்டாள். அவர் ஃப்ரீஸரையும் திறந்து பார்த்தார். நான்காம் நாள் சந்தில் ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை. பங்குக்குத் தங்களைக் கூப்பிடாமல் பன்றி வாங்கிவிட்டார்களே என்று பாதிப் பேருக்கு ஆத்திரம்.

அன்றைக்குத்தான் கருவியைச் சரிபார்க்கக் குயேன் என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். நாலாம் மாடியிலேயே கழுத்துச் சால்வையால் மூக்கைப் பொத்தினாள். மேலே ஏறியதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“பெரியப்பா, கருவிக்குப் பின்னால அந்த நீல டிரம்முல என்ன?”

“கீரைக்கு உரம்மா. நம்ம சொந்தச் சரக்குதான். ரெண்டு மாசம் புளிக்க வெச்சு, தண்ணி கலந்து ஊத்தினா இலை உள்ளங்கை அகலம் வரும்.”

குயேன் கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் டிரம்மையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்ததில் அவருக்கே விளங்கிவிட்டது. அரை டிரம் மூத்திரம் ஊர்க்காற்றைக் கெடுத்துவிடுமா என்று ஈனக்குரலில் கேட்டார்.

“ஊரக் கெடுக்க வெளியில பண்ணையும் யூரியா போட்ட வயலும் இருக்கு. உங்க டிரம் கருவியத்தான் ஏமாத்திருக்கு. ஆனா பண்ணையானாலும் டிரம்மானாலும் நடக்கிறது ஒண்ணுதான் பெரியப்பா. ஸ்கூட்டர் புகை காத்துல அமிலமா மாறும், ஆனா அதுவும் வெறும் வாயுதான். குளிர்ல அம்மோனியாவோட சேர்ந்தாத்தான் உப்புத் தூசியாகும். கண்ணுக்குத் தெரியாது, நேரா நுரையீரலுக்குப் போயிரும்.”

“அப்போ பாதித் தப்பு ஸ்கூட்டர் மேல?”

“பாதி.”

கருவியை வைத்த இடம் சரியில்லை என்று எழுதிவிடுகிறேன், பலகைக்கு ஒன்றும் ஆகாது என்று அவரைத் தேற்றிவிட்டு அவள் போனாள். முழங்கால் வலியால் மாடி ஏறாத மனைவி ஞாய்க்குப் படிக்கட்டு வழியாகக் கீழேயே எல்லாம் கேட்டிருந்தது.

“ஏங்க, பன்னி ஓடிப்போச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

கியெமுக்கு எத்தனை வீட்டு அலமாரியைத் திறந்தோம் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கியது. ஐந்து மணிக்கு மைக்கைப் பிடித்தார்.

“பன்னி அகப்பட்டுருச்சு. வீட்டு எண் பதினாலு. பேரு கியெம். அலமாரியத் திறந்து காட்டினவங்க எல்லாரும் மன்னிக்கணும்.” கொஞ்சம் இருமினார். “பன்னில பாதிதான் நானு. மீதிப் பாதி, சந்துக்குள்ள ஸ்கூட்டர உறும விட்டுக்கிட்டு வர்ற நீங்க எல்லாரும். நாளைக்குக் காலைல யாராச்சும் ஏணி கொண்டாங்க. பலகைய நானே கழட்டுறேன்.”

அன்று வேலை முடிந்து வந்தவர்கள் சந்து முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு வீடுவரை தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஏணி கொண்டுவர மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.