கவுன்டரில் ரேட் சொன்னவள்

நிரோஷா போய்விட்டாள்.

என் மனைவி. குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கம், மாடியில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில், படியேறி வந்ததும் நீங்கள் முதலில் பார்த்த முகம்.

காரியமெல்லாம் முடிந்துவிட்டது. கடை போனுக்கு இன்னும் கோல் வருகிறது... "மிஸ் இல்லையா? மிஸ்கிட்ட குடுங்க, ரேட் கேக்கணும்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் போஸ்ட்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அழுகை இன்னும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவ்வளவுதான்.

கடையை மூடப் போகிறாயா என்றும் கேட்கிறார்கள். அவளுடைய அண்ணன் நேராகவே சொல்லிவிட்டார். "அவ இல்லாம நீங்க ஒருத்தர்கிட்டயும் காசு கேக்க மாட்டீங்க மச்சான். கடைய குடுத்துட்டு கொழும்புல வேலைக்குப் போங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை.

நான் டெக்னிக்கல் காலேஜில் படித்தவன். அவள் டவுனில் ஒரு புடவைக்கடையில் சேல்ஸில் நின்றவள். கடை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது... இந்த ஆளுக்கு மெஷினைத் திறக்கத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

வேலை முடிந்ததும் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். "ஒண்ணுமில்லண்ணே, சின்ன வேலதான்." அதைக் கேட்ட பிறகு யார் கேட்ட காசைத் தருவார்?

அதனால் கவுன்டருக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் பலகை அடித்தோம். அவள் முன்னால், நான் பின்னால். நான் உள்ளேயிருந்து குரல் கொடுக்கத் தொடங்கினால் பேனாவால் பலகையில் ஒரு தட்டு. டொக், டொக். பேசாமல் இருங்கள் என்று அர்த்தம். அடிக்கடி வரும் கஸ்டமர் எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். சிரிப்பார்கள்.

"சும்மா என்னான்னு பாத்து சொல்லுங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம். பார்ப்பதற்கும் சார்ஜ் உண்டு என்று மெஷினைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். "பாக்குறதுதாங்க வேல. கண்டுபிடிச்சிட்டா மிச்சம் சுலபம்."

சொன்ன ரேட்டுக்கு மேலே ஒரு சதம் கேட்டதில்லை. இடையில் டொலர் ஏறி பார்ட்ஸ் விலை கூடினால் அது எங்கள் தலையெழுத்து.

அலவத்துகொடயில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. லெப்டொப் ஓன் ஆகவில்லை என்று கொண்டுவந்தார். உள்ளே ரெம்மில், அந்த மெமரித் தகட்டில், அழுக்கு. கழற்றி, அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன், சரி. அவள் ரேட் சொல்லும் நேரம் பார்த்து உள்ளேயிருந்து நான்: "ரப்பரால தேச்சதும் வந்திருச்சி நானா."

டொக், டொக். ஆனால் லேட்.

"ரப்பரால தேச்சதுக்கு இவ்வளவா தங்கச்சி?"

நிரோஷா அசரவில்லை. என் மேசைக்கு வந்தாள். அந்த ரப்பரை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தாள்.

"சரி நானா, காசு வேணாம். இத கொண்டு போங்க. அடுத்த தடவ நீங்களே தேச்சுக்குங்க."

நானா ரப்பரைப் பார்த்தார். லெப்டொப்பைப் பார்த்தார். "நான் தேச்சி பழுதானா?"

"பழுதானா கொண்டாங்க. அதுக்கு ரேட் வேற."

மனுஷன் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேட்ட காசைக் கொடுத்தார். ரப்பரையும் பொக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கஸ்டமர் எல்லாம் அவர் அனுப்பியவர்கள்தான்.

இன்னொருவர், யாழ்ப்பாணத்து டீச்சர். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. மகளின் கல்யாணப் படம் முழுக்க அதில்தான். "வேற கடையில கட்டாயம் எடுக்கலாம் எண்டு சொன்னவை பிள்ளை. நீங்களும் ஒரு சொல் சொல்லுங்கோவன்."

"வரும்னு சொல்ல மாட்டேன் டீச்சர். பாத்துட்டு உள்ளத சொல்றோம்."

டீச்சருக்குக் கோபம். ஆனாலும் எங்களிடமே வைத்துவிட்டுப் போனார். முக்கால்வாசி வந்தது. நிரோஷா முதலில் வராத படங்களைத்தான் சொன்னாள். வந்ததைப் பிறகுதான் சொன்னாள்.

அவளுக்கே வருத்தம் வந்து நோயாளியானபோதும் அதே ஆள்தான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டொக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்று தொடங்கினார்.

"குணமாகும்னு சொல்லாதீங்க டொக்டர். உள்ளத சொல்லுங்க."

அவர் சொன்னார். எனக்குத்தான் அந்த நேரத்தில் தட்டுவதற்கு ஒரு பலகை இருக்கவில்லை.

வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல டொக்டருங்க. ஏமாத்தல."

நேற்றுக் கடையைத் திறந்தேன். முதலில் படியேறி வந்தது அந்த அலவத்துகொட நானா. நிரோஷா இருக்கும்போது கொடுத்த பிரிண்டரை எடுக்க வந்திருந்தார். அதற்கு ரேட்டும் அவளே சொல்லியிருந்தாள்.

பிரிண்டரை எடுத்து வைத்தேன். கவுன்டரில் நின்றேன். "பரவாயில்ல நானா, விடுங்க... சின்ன வேலதான்..."

நானா கையை நீட்டிப் பலகையில் விரலால் தட்டினார்.

டொக், டொக்.

"தங்கச்சி சொன்ன ரேட்ட சொல்லுங்க தம்பி."

சொன்னேன். குரல் ஒழுங்காகவே வந்தது.

அவள் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கடை இருக்கும். ரேட் அவள் சொன்ன ரேட். பார்ப்பதற்கும் சார்ஜ் உண்டு.

போயிட்டு வா நிரோ. கவுன்டர்ல நான் நிக்கிறேன்.