கண் எழுதும் சீனித்தாய்

“பெத்தவ அம்பது வருசமா உன் முன்னால கண்ணத் தொறந்துக்கிட்டுத்தானலே நடமாடுனா? அப்பம் பாக்காம விட்டுட்டு இப்பம் எங்கிட்ட வந்து நின்னா, நான் எங்க போயி எடுத்தாருவேன்?”

கருப்பட்டி மண்டி அய்யாக்குட்டியைப் பார்த்து சீனித்தாய் இப்படிச் சீறியபோது அவருடைய அம்மை இறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. அம்மையின் போட்டோவைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த உடம்பு. தாடையை ஏந்திய வெள்ளைத் துணி தெரியாதபடி மாலையை மேலே ஏற்றிப் போட்டிருந்தார்கள். கண் இரண்டும் மூடியிருந்தன. உயிரோடு இருக்கையில் அம்மைக்குக் கண் எப்படி இருக்கும் என்று சீனித்தாய் கேட்டாள். “கண்ணு மாதிரிதான் இருக்கும்” என்றார் மனிதர். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

அய்யாக்குட்டிக்கும் முகம் சிவந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த அவள் புருஷனின் படத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

“எங்க அம்மைய விடுங்க சின்னம்மை. அந்தா, சித்தப்பா ஆறு வருசமா கண்ண மூடிக்கிட்டே தொங்குதாவ. ஊர்ப் பொணத்துக்கெல்லாம் கண்ணு வைக்கிய. அவிய கண்ணு எங்க பாக்கும்னு நீங்க சொல்லுங்க, கேப்போம்.”

சீனித்தாய் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“படத்த வச்சிட்டுப் போ. நாளைக்கு உன் வீட்டுக்கு வாரேன்” என்று மட்டும் சொன்னாள். அவள் வாசலுக்கு வந்து போனவர்களில் அவள் வாயை அடைத்துவிட்டுப் போனவர் அய்யாக்குட்டி ஒருவர்தான்.

உயிரோடு இருக்கிறவரைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று தூத்துக்குடியில் பாதிப் பேர் நம்பிய காலம் அது. மீதிப் பேருக்கு அதற்கு நேரமில்லை. ஆகவே பிறந்ததிலிருந்து ஒரு படமும் இல்லாமல் வாழ்ந்த மனிதரை, தூக்குவதற்கு முன்னால் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டார் சுற்றி நிற்க ஒரே ஒரு படம் எடுப்பார்கள். செத்தவருக்குக் கண் திறந்திருக்காதே. பதினாறாம் நாள் படத்தை மாட்டும்போது அவர் நம்மைப் பார்க்க வேண்டாமா? அந்தக் கண்களை மையால் எழுதித் தருகிறவள் சீனித்தாய். மூடிய இமையின் மேலே வெள்ளையைப் பூசி, அதன் மேல் கருமணி வைத்து, கடைசியில் ஊசி முனையளவு ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் படம் விழித்துக்கொள்ளும்.

அவளுக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. பனங்காட்டு ஊரிலிருந்து பதினாலு வயசில் போட்டோக்கார மந்திரமூர்த்திக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த மறுநாளே அவளை முற்றத்தில் தொட்டியின் முன்னால் உட்கார வைத்து, படம் கழுவச் சொல்லிக்கொடுத்தார். ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால் படம் நாலு மாதத்தில் வெளுத்துப்போகும். குழாய்த் தண்ணீர் பிடிக்க விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். கழுவியவள் பிறகு கறை தொட்டாள்; படத்தில் விழுந்த புள்ளியையும் கீறலையும் மையால் மறைக்கிற வேலை அது. கறை தொட்டவள் பிறகு கண் எழுதினாள். மந்திரமூர்த்தி போன பிறகு கேமராவை அவரிடம் தொழில் படித்த வேதமணிக்கு விற்றுவிட்டாள். கண் எழுதுகிற வேலை மட்டும் அவளிடமே நின்றுவிட்டது.

ஒரு தரம் அவள் கேட்காமல் எழுதி மாட்டிக்கொண்டது உண்டு. சாயர்புரத்து எஸ்றா தன் மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்கு இலேசான மாறுகண். செத்தவளின் குறையைச் சொல்லுவானேன் என்று வீட்டில் எவரும் அதைச் சொல்லவில்லை. சீனித்தாய் நேர்க்கண்ணாக, அம்மன் சிலைக்கு வைக்கிற மாதிரி எழுதிக்கொடுத்தாள். எஸ்றா படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “ரொம்ப நல்லாருக்கு. ஆனா இது யாரும்மா?” என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவளும் பதிலுக்குப் பேசி ஆறியிருப்பாள். அதே படத்தை இன்னொரு தாளில் போட்டு வாங்கி, மாறுகண்ணாகவே எழுதிக் கொடுத்தாள். அதிலிருந்துதான் இந்தக் கேள்விகள். பேசும்போது முகத்தைப் பார்ப்பாளா, தரையைப் பார்ப்பாளா? சிரித்தால் கண் சுருங்குமா? சும்மா இருக்கிறபோது எந்தப் பக்கம் போகும் பார்வை? பெற்ற பிள்ளைகள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். நகையையும் பத்திரத்தையும் கேட்டால் சொல்லுவார்கள்.

மறுநாள் சொன்னபடி அய்யாக்குட்டி வீட்டுக்குப் போனாள். “கிழவி எங்க இருப்பா?” என்று கேட்டு, பின்கட்டில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரையும் வேலையைப் பார்க்கச் சொல்லி விரட்டிவிட்டாள். ஆட்டுரலில் மாவு ஓடியது. ஒரு காக்கை வந்து வடித்த கஞ்சியில் வாய் வைத்துவிட்டுப் போயிற்று. பக்கத்து மண்டியிலிருந்து கருப்பட்டி ஓலைப் பெட்டிகளின் வாசம் வந்துகொண்டே இருந்தது. இவை எதிலும் ஒரு கிழவி பார்த்துக்கொண்டிருக்க ஒன்றும் இருப்பதாக சீனித்தாய்க்குப் படவில்லை.

மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்ந்து முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. விழுந்த வெயில் அங்கேயே கிடக்காமல் எழும்பி, ஓட்டுக்கு அடியில் இருந்த மரச்சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஆடத் தொடங்கிற்று. அடுப்பில் கொதிக்கிற பால் போல அது சுருங்கியது, விரிந்தது. சீனித்தாய் தலையைத் தூக்கி அதையே பார்த்தாள். பிறகு கிழவியின் மருமகள் பேச்சித்தாயைக் கூப்பிட்டாள்.

“ஏளா, ஒங்க மாமியா இந்நேரத்துக்கு என்ன செய்வா?”

“ஒண்ணும் செய்யமாட்டாவ. இங்கன மல்லாக்கப் படுத்துக் கெடப்பாவ. தொட்டியில தண்ணி கொறைஞ்சிருந்தா மட்டும் ரொப்பு ரொப்புன்னு என்னப் போட்டு ஏசுவாவ. குடிக்கதுக்கும் இல்ல, குளிக்கதுக்கும் இல்ல. எதுக்குன்னு இன்னைவரைக்கும் எனக்குத் தெரியாது.”

“இங்க வந்து உக்காரு. மேல பாரு” என்றாள் சீனித்தாய்.

பேச்சித்தாய் பார்த்தாள். வெகுநேரம் அவள் எழுந்திருக்கவில்லை.

பார்வையைக் கொஞ்சம் மேலே தூக்கி, கீழ் இமையில் ஒரு சுருக்கம் வைத்து அந்தக் கண்களை எழுதினாள் சீனித்தாய். அய்யாக்குட்டி படத்தை வாங்கிப் பார்த்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அம்மையே வந்து நின்ற மாதிரி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, “தொட்டியில தண்ணி கெடக்கான்னு பாரு” என்றார்.

அந்தப் படத்துக்குச் சட்டம் போடக் கண்ணாடி வேண்டும் என்று வேதமணி சொல்லி அனுப்பினான். யுத்தம் வந்ததிலிருந்து கப்பலில் கண்ணாடி வருவதில்லை. ஊரில் சட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி கொடுத்துவந்தவள் சீனித்தாய்தான். அது ஒன்றும் மாயமில்லை. அந்தக் காலத்தில் படம் முதலில் கண்ணாடி பிளேட்டில்தான் விழும். அந்தப் பிளேட்டைச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால், அதன் மேலிருக்கும் படம் பாலாடை மாதிரி உரிந்து சாக்கடையில் ஓடிவிடும். கையில் மிஞ்சுவது வெறும் கண்ணாடி. மந்திரமூர்த்தி விட்டுப்போன பெட்டிகளில், பெருக்கல் குறி போட்ட பெட்டியிலிருந்துதான் அவள் எடுத்துக் கழுவினாள். அது கெட்டுப்போன பிளேட்டுகளின் பெட்டி. எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தக் குறி தெரியும்.

அவர் உயிரோடிருக்கையில் பிளேட்டுகளை எண்ணி வைக்கிறவள் இவள். சீமையிலிருந்து வருகிற சரக்கு. படம் எடுக்க ஆள் வராத மாதத்தில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் சோறு இறங்காது. “கெட்டுப்போச்சு” என்பார் அவர். “எப்படிக் கெடும்? ஒங்க கையில என்ன கொள்ளியா இருக்கு?” என்பாள் இவள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெட்டியில் போடுவார். பேச்சு அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷத்தில் அதிகம் பேசாத மனிதர்.

பெட்டியில் இன்னும் ஒன்பது மிச்சம். முற்றத்தில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. புருஷனின் கண் எங்கே பார்க்கும் என்று அய்யாக்குட்டி கேட்ட கேள்வி அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. கழுவப்போகிற பிளேட்டை அன்றைக்குத்தான் முதல்முதலாக வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். பிளேட்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். அவளுக்கு அது பழகின முகம் மாதிரி.

அது கெட்டுப்போகவில்லை. பித்தளைக் குடத்தின் விளிம்பில் ஒரு சிட்டுக்குருவி உட்கார்ந்து தண்ணீருக்குக் குனிந்திருந்தது.

அடுத்ததை எடுத்தாள். துவைக்கிற கல்லின் மேல் முருங்கைப் பூ உதிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிந்தது. இன்னொன்றில் கொடியில் காய்கிற வேட்டியை ஊதிப் பிடித்திருந்தது கடற்காற்று. ஒன்றில் அவளுடைய நார்ப்பெட்டிக்குள் பூனை சுருண்டு தூங்கியது. நாலாவதில்—இல்லை, ஐந்தாவதில்—ஒரு பெண் தொட்டியின் முன் குனிந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. கொண்டை சரிந்து, ஈரக்கையை நீட்டி வைத்துக்கொண்டு மணிக்கட்டால் நெற்றி முடியை ஒதுக்குகிறாள். யார் என்று தெரிய சீனித்தாய்க்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் முதுகை அவள் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டு ரோஸ் தன் குசினியிலிருந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவன்; அவளுக்கும் வாய் நீளம்.

“யக்கா, வெந்நி பொங்கி அடுப்பு அணையுது. வெயில்ல என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?”

சீனித்தாய் பிளேட்டை நீட்டினாள். ரோஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நீங்கல்லா?”

“அம்புட்டும் கெட்டுப்போச்சுன்னாவ ஏளா. ஒவ்வொண்ணுக்கும் கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னாவ.”

“பின்ன என்ன சொல்லுவாவ? பூனைய எடுத்தேன், பூவ எடுத்தேன்னு சொல்லிட்டு ஒங்க வாயில இருந்து தப்பிக்க முடியுமா? எந்த மனுசனும் பொய்தான் சொல்லுவான்.”

சீனித்தாய் பிளேட்டைத் திரும்ப வாங்கி, முந்தானையால் அதன் ஓரத்தைத் துடைத்தாள்.

“எத்தனயக் கழுவுனிய?” என்று ரோஸ் மெதுவாகக் கேட்டாள்.

“அறுவது இருக்கும்.”

அந்த அறுபது கண்ணாடியும் இப்போது ஊரில் யார் யார் வீட்டிலோ, செத்தவர்களின் முகத்துக்கு மேலே மாட்டிக் கிடக்கின்றன. அவற்றில் என்ன இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. சீனித்தாய் அடுப்பிலிருந்த வெந்நீரைத் தூக்கி வாழை மூட்டில் ஊற்றினாள். தன் பழைய சேலையைக் கிழித்து ஒன்பது பிளேட்டையும் தனித்தனியாகச் சுற்றினாள். வேதமணிக்குக் கண்ணாடி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அய்யாக்குட்டியின் அம்மை கண்ணாடி இல்லாமலே பதினாறாம் நாள் சுவரில் ஏறினாள்.

அதன் பிறகு ஒரு மத்தியானம் புருஷனின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். ஒன்பது பிளேட்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை; அவருடைய இருட்டறை வாசலில், உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரத்திலிருந்து. அங்கே ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முற்றம் முழுக்கத் தெரிந்தது. அவள் குனிந்து படம் கழுவுகிற தொட்டி இடது பக்கம், கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தது. அவருடைய கண்களை இடது பக்கம், கொஞ்சம் தாழ்வாக எழுதினாள். கடைசியில் வெளிச்சப் புள்ளியை வைத்தாள்.

ரோஸ் வந்து பார்த்தாள். “இப்பம் யாரப் பாக்காவ?” என்று கேட்டாள்.

“ஒன் சோலியப் பாரு” என்றாள் சீனித்தாய்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலை எட்டு மணிக்கே வேதமணியின் ஸ்டூடியோ வாசலில் போய் நின்றாள். கேமராவையும் ஒரு புதுப் பிளேட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னாள். அவன் பதறிப்போய் எழுந்தான்.

“யாரு சின்னம்மை? யாரு போயிட்டாவ?”

“யாரும் போகல. ராத்திரி காத்துல முருங்கப் பூ முத்தம் பூராக் கொட்டிக் கெடக்கு. கோழி வந்து கிண்டதுக்கு முன்னால கெளம்பு.”

வேதமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “பூவுக்கா? கைவசம் நாலே பிளேட்டுத்தான் இருக்கு சின்னம்மை. இன்னைக்கு ஒரு பிளேட்டு என்ன விலைன்னு தெரியுமா?”

சீனித்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணி அவன் மேசையில் வைத்தாள். இரண்டேகால் ரூபாய்.