பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேட்ட மாத்திரைகள்

மருந்துக்கடையில் மருந்தை எடுத்துக் கொடுப்பது சுலபம். கொடுக்க மாட்டேன் என்று சொல்வதுதான் தொண்டை வறளும் வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டாம். வயலெல்லாம் கூலித் தகராறாக இருந்த வருஷங்களில் பாபநாசம் கடைத்தெருவில் பார்மசிஸ்டாக இருந்தேன். அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நடவு நேரம்

ஒரு மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் வந்தார். நடவு நடுகிற செல்லம்மா முழுகாமல் இருக்கிறாளாம். ஓயாத வாந்தி, குனிந்து நட முடியவில்லையாம். "கலையறதுக்கு ஏதாவது குடும்மா" என்றார், தலைவலி மாத்திரை கேட்பதுபோல.

"அவ கேட்டாளா?" என்றேன். "அவளை எதுக்குக் கேக்கணும்?" என்றார். கண்டதைக் கொடுத்தால் ரத்தப்போக்கில் உயிரே போகும், வாந்திக்கு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி விரட்டாத குறையாக அனுப்பினேன்.

எங்கேயோ என்னத்தையோ வாங்கி, வாந்திக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். செல்லம்மா நாற்றுமுடியோடு சேற்றிலேயே சாய்ந்தாள். கூட நட்ட பெண்கள் அத்தனை பேரும் கரையேறி, கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள், பிள்ளை போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து இருமல் மருந்துக்கு வந்த காரியஸ்தரிடம், "செல்லம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லவேளை, உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா பாரும்மா, மூணு மா நெலத்துல நடவு நின்னுபோச்சு."

மேடையும் வீடும்

கூலிச் சங்கத்தில் ஒருவர் பிரமாதமாகப் பேசுவார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்று அவர் பேசியதற்கு நானும் கைதட்டியிருக்கிறேன். மறுநாளே கடைக்கு வந்தார். மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதாம், வரவைக்கிற மாத்திரை வேண்டுமாம். கர்ப்பமாக இருந்தால் அது வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கலாம், முதலில் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்யுங்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள் என்றேன். மிராசும் சங்கமும் ஒத்துப்போன ஒரே இடம் எங்கள் கவுண்டர்தான்.

"பொம்பளைங்க விஷயத்தை மேடையில பேசலாம்மா. வீட்டுல போய் எப்படிங்க பேசறது?"

லீவில் வந்தவர்

துபாயிலிருந்து லீவில் வந்தவர் ஒரு டின் பால்பவுடரும், மனைவிக்குக் கருத்தடை மாத்திரையும் கேட்டார். கைக்குழந்தையாம். தாய்ப்பால் நன்றாகத்தான் இருந்ததாம், இப்போது திடீரென்று வற்றிவிட்டதாம். மாத்திரையை எப்போது ஆரம்பித்தார்கள் என்றேன். "நான் வந்ததிலேருந்துதான்." பால் குறைந்ததற்கு இந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம், பால் கொடுக்கிறவளுக்குத் தோதான வழியை டாக்டர் சொல்வார், அதுவரை நீங்கள் ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். முகம் சுண்டிவிட்டது.

"நான் லீவுல வந்திருக்கேன்மா!"

பல்பொடி

நிறைமாதக் கர்ப்பிணி மருமகளின் காய்ச்சலுக்கு டெட்ராசைக்ளின் கேட்டு ஓர் அம்மா வந்தார். கம்பவுண்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. இது வயிற்றுப் பிள்ளையின் பல்லைக் கறையாக்கும், வேறு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "பொறக்காத புள்ளைக்கு ஏது பல்லு?" என்று சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

மூன்று வருஷம் கழித்து, அன்றைக்கு வயிற்றில் இருந்த அந்தப் பேத்தியை இழுத்துக்கொண்டு வந்து, நல்ல பல்பொடி வேண்டும் என்றார். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். அத்தனை பாற்பல்லும் பழுப்பு. கன்னத்தில் விரல் பதிந்த தடம். தேய்த்தால் போகிற கறையில்லை, அன்றைக்குக் கொடுத்த மாத்திரையால் வந்தது என்று கத்தியேவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அசையவில்லை.

"அடிச்சாத்தாங்க தேய்க்குது. அப்பவும் வெளுக்க மாட்டேங்குது."

நான் அங்கே இருந்த வரையில் கர்ப்பிணிக்கு மருந்து கேட்டு ஊரே வந்தது, அந்தக் கர்ப்பிணி ஒருத்தியைத் தவிர.