பிரார்த்தனை ராகத்தில் வாய்ப்பாடு

நான் படித்த முதல் பள்ளிக்கூடத்தில் மாணவி ஒருத்திதான், அது நான். ஆசிரியையும் ஒருத்திதான், அது என் அம்மா. ஆனாலும் அங்கே வகுப்பில் முதலாவதாக வந்தது யார் என்று கேட்டால், இந்த வயதிலும் கூச்சப்படாமல் என்னைத்தான் காட்டிக்கொள்வேன்.

ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் எங்கள் வீடு இருந்தது. நைனா ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பவர். தோலைப் பதப்படுத்த அந்தக் காலத்தில் அந்தப் பட்டைதான். அவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே பட்டை வாசனை உள்ளே வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாது; அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அம்மா அப்படியில்லை. வேலூரில் கன்னியர் மடத்தில் அநாதைப் பிள்ளையாக வளர்ந்து, அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். யாரோடு சண்டை வந்தாலும் "நான் அஞ்சு முடிச்சவ" என்றுதான் ஆரம்பிப்பாள்.

எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் கத்தோலிக்கர்; அது வேறு சபைக்காரர்களுடையது. மாதம் ஒரு தடவை மாட்டுவண்டியில் பூசை வைக்க வரும் சாமியார், அங்கே பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குப் பாவசங்கீர்த்தனமும் கிடையாது, நற்கருணையும் கிடையாது என்று பீடத்தில் நின்றே சொல்லிவிட்டார். அப்படியானால் நம் பிள்ளைகள் எங்கே படிப்பது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் பதினொரு வயதானால் ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் களத்துக்குப் போய் ஆட்டு ரோமம் உதறிக் காயவைப்பார்கள். நானும் போகவேண்டியவள்தான்.

அன்று கோவிலிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மா முக்காட்டை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"பள்ளிக்கூடந்தானே? நானே வெச்சிக்கிறேன்" என்றாள்.

"இன்னாது?" என்றார் நைனா.

"இன்னாதுன்னா? நான் அஞ்சு முடிச்சவ."

மறுநாளே பள்ளிக்கூடம் ஆரம்பமாகிவிட்டது. எங்கிருந்தோ ஒரு மாட்டு மணியைக் கொண்டுவந்து அதை அடித்தாள். அடுப்படியில் எனக்கு முன்னால் இரண்டு அடி தள்ளி நின்று அடித்தாலும் மணி மணிதான். அது அடிக்காமல் நான் உட்காரக்கூடாது. பாடத்திட்டமும் அவளே போட்டாள். திங்கட்கிழமை செத்துப்போய் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கான நாள். ஆகவே அன்று சரித்திரம். அதில் வருகிறவர்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள்தானே என்பது அவள் நியாயம். பாடம் முடிந்ததும் அந்த ராஜாக்களின் ஆத்துமா இளைப்பாற ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லியாகவேண்டும். புதன்கிழமை தச்சு வேலை செய்த சூசையப்பரின் நாள். அன்று அளவும் கணக்கும். வெள்ளிக்கிழமை கர்த்தர் பாடுபட்ட நாள் என்பதால் வாய் திறக்காமல் எழுத்து வேலை மட்டும். சனிக்கிழமை மாதாவுக்கு; தையல்.

எதையும் மனப்பாடம் செய்ய அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. மாதா பிரார்த்தனை. கோவிலில் ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக ராகத்தோடு சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் பாடுவார்களே, அதே ராகம். "ஏழெட்டு..." என்று அம்மா இழுப்பாள். "ஐம்பத்தாறு" என்று முழங்காலில் நின்று நான் முடிப்பேன். "காவேரி பிறக்குமிடம்..." என்பாள். "குடகு மலை" என்பேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தால் அரிசி வேகும்போது உலகத்து நதியெல்லாம் முடிந்திருக்கும். நைனா வாசலில் கால் கழுவியபடி கேட்டுக்கொண்டிருப்பார். சில சமயம் சிலுவைக்குறிகூடப் போட்டுக்கொள்வார்.

சங்கதி ஷாப்பு முதலாளி சாயபுவின் காதுக்கும் எட்டியது.

"இன்னாய்யா, எங்க பாதுஷாங்களுக்கெல்லாம் உன் வீட்ல துவா கேக்குறாங்களாமே?" என்று நைனாவை நிறுத்திக் கேட்டாராம். நைனா பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். சாயபு சிரித்துவிட்டு, "மூளை ஜாஸ்தி உள்ள பொண்ணு. களத்துக்கு அனுப்பி பேஜார் பண்ணாதே. வேலூர் மடத்துல ஆறாவதுல சேத்துடு. ரெண்டு நாள் லீவு எடுத்துக்க" என்றிருக்கிறார்.

இப்படித்தான், பரீட்சைக்கு நாங்கள் ரயில் ஏறினோம். தேறினால் மடத்திலேயே தங்கி ஆறாம் வகுப்பு. தேறாவிட்டால் ரோமக் களம். காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டி பிடித்து, வேலூர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அம்மா என் ரிப்பனை மூன்று நான்கு தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

பெரிய அறை. நடுவில் மேசை. அதற்குப் பின்னால் மடத்துத் தலைவி. பக்கத்தில் கண்ணாடி போட்ட இளம் கன்னியாஸ்திரி. பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால், அம்மாவும் நைனாவும் வராந்தாவில் நின்றார்கள். ஞானோபதேசக் கேள்விகளுக்கு நான் மடமடவென்று பதில் சொன்னேன். தலைவிக்குச் சந்தோஷம். பிறகு கணக்குக்கு வந்தார்.

"ஏழெட்டு எவ்வளவும்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார், சந்தையில் விலை கேட்கிற மாதிரி.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. தெரியாமல் இல்லை, ராகம் இல்லாமல் வாய் திறக்க மறுத்தது. காவேரி எங்கே பிறக்கிறது என்று கேட்டார். அதற்கும் விழித்தேன். வராந்தாவில் அம்மாவின் வளையல் சத்தம்கூட நின்றுபோனது.

"வீட்ல படிச்ச புள்ளைங்க இப்டித்தான் மதர். மந்திரம் தெரியும், மத்தது பூஜ்யம்" என்றார் கண்ணாடிக்காரர்.

எனக்கு வந்ததே கோபம்! என்னைச் சொன்னால் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ, என் பள்ளிக்கூடத்தை எப்படிச் சொல்லலாம்?

"நீங்க கேக்குற விதந்தான் சரியில்ல மதர்" என்றேன். "பிரார்த்தனை மாதிரி கேளுங்க."

கண்ணாடிக்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது.  தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, பிரார்த்தனை ராகத்தில் "ஏழெட்டு..." என்று இழுத்தார்.

நான் தொப்பென்று முழங்காலில் விழுந்து "ஐம்பத்தாறு!" என்றேன். மேசை மேலிருந்த மைக்கூடு அதிர்ந்திருக்கும்.

அதற்கப்புறம் என்னை நிறுத்த யாராலும் முடியவில்லை. எட்டொன்பது, பன்னிரண்டு பதினைந்து, காவேரி, கோதாவரி, நைல். முகலாய ராஜாக்களை வரிசையாகச் சொல்லிவிட்டு "அவர்கள் ஆத்துமா இளைப்பாறக்கடவது" என்று முடித்தபோது கண்ணாடிக்காரரும் தன்னையறியாமல் "ஆமென்" என்றார். வாசலில் நாலைந்து கன்னியாஸ்திரிகள் கூடிவிட்டார்கள். தலைவிக்குத் தெரிந்த நதிகள் தீர்ந்துபோயின. 

அப்போது வராந்தாவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, அடுப்படியில் வருகிற அதே குரல்.

"பாலாறு பிறக்குமிடம்..."

"நந்தி மலை!" என்று கத்தினேன்.

தலைவி எழுந்து வராந்தாவுக்கே போனார். "இவளுக்கு இனிமே பரீட்சை வேணாம். இன்னிக்கே விட்டுட்டுப் போ" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் அஞ்சு முடிச்சவ மதர், இதே மடத்துல" என்றாள். அன்று நான் பார்த்த அம்மாவின் முகத்தைப் போல ஒரு முகத்தை அதற்குப் பிறகு எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் பார்க்கவில்லை. எனக்கும் தலைகால் புரியாத பெருமை. அவர்கள் ஜட்கா ஏறிப் போனதைக்கூடப் பார்க்காமல் மடத்தில் கொடுத்த புதுப் பாவாடையை இடுப்பில் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நைனா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் இருப்பதை மறந்தவள் போல, தலை நிமிராமல் அம்மா இழுத்தாள்.

"ஏழெட்டு..."

நான் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து நைனா, பழகிப்போன குரலில், ராகம் தப்பாமல் பாடினார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அம்மா அடுத்ததற்குப் போய்விட்டாள். "எட்டெட்டு..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "நைனா, ஏழெட்டு ஐம்பத்தாறு! இதுகூடத் தெரியாதா?" என்று கேலி செய்தேன். நைனாவும் என்னோடு சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வேலூருக்குப் போன நாளிலிருந்து அந்த வீட்டில் தினமும் இது நடந்திருக்கிறது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதுதான்.