இருபது வீட்டுச் சராசரி

என் வகுப்புக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரி, சனிக்கிழமை காலை, பொதுக் கணிதம். என்ன படித்தாலும் இதில் தேறாமல் டிப்ளோமா கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்வார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடத்துவேன்.

மலர்விழிக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்து ஊரான மேருவில் ஒரு பாலர் பள்ளியில் பதினோரு வருடமாக உதவியாளர். டிப்ளோமா இல்லையென்றால் வருடக் கடைசியோடு வேலை போய்விடும். மற்றப் பாடங்களை முடித்துவிட்டு, கணிதத்தில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். இது மூன்றாவது முறை. இதற்கு மேல் கல்லூரி விடாது.

பரீட்சையில் திணறுவார் என்று தெரியும். அதனால் நாற்பது மதிப்பெண்ணுள்ள அசைன்மெண்டைத்தான் இருவரும் நம்பியிருந்தோம். தம் தெருவில் இருபது வீடுகளில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்டுச் சராசரி எடுக்க வேண்டும். அவர் குடியிருக்கும் பண்டமாரானில் தன் வீட்டையும் சேர்த்து எடுத்து வந்தார். பிள்ளைகள் நாற்பத்தேழு, சராசரி 2.35. கணக்கு சரிதான். ஆனால் வயதுப் பட்டியலில் நாற்பத்தாறு பேர்தான் இருந்தார்கள். கணக்கு இடித்தது அவருடைய சொந்த வீட்டில். பிள்ளைகள் மூன்று, வயது இரண்டு. பெற்ற பிள்ளைகளைக்கூட எண்ணத் தெரியாதா என்று எரிச்சலோடு சிவப்பு வட்டம் போட்டுக் கூப்பிட்டேன்.

“சின்னவன் கிஷன், ஆறு வயசுல டெங்கில போய்ட்டான் மிஸ். யாரு கேட்டாலும் மூணுன்னுதான் சொல்லுவேன். ரெண்டுன்னு எழுதக் கை வரல.”

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதான், இன்னொருவரும் திருத்துவார். எண்ணும் முறை எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றேன். உங்கள் வீட்டு எண்ணிக்கையை இரண்டாக்குங்கள், அல்லது கேள்வியை ‘மொத்தம் பெற்ற பிள்ளைகள்’ என்று மாற்றி எல்லா வீட்டிலும் மறுபடி கேளுங்கள். திங்கட்கிழமை கடைசி நாள். பேசாமல் இரண்டு என்றே போட்டுவிடுங்கள் என்று புத்தியும் சொன்னேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை புதிய பட்டியலோடு வந்தார். இறந்த பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம் போட்டிருந்தார். மொத்தம் ஐம்பத்திரண்டு, சராசரி 2.6. ஒரு பிழை இல்லை. முப்பத்து நான்கு மதிப்பெண் போட்டேன். பரீட்சையில் அறுபதுக்குப் பதினாறு எடுத்தால் தேறிவிடுவீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை என்று சொன்னேன். பிறகு அவர் இருபத்திரண்டு எடுத்துத் தேறிவிட்டார். ஆனால் அன்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவர் விரல் பட்டியலில் பக்கத்து வீட்டு வரிசையிலேயே நின்றது.

“இராஜம்மா அக்கா, மிஸ். பதினெட்டு வருஷமா பக்கத்து வீடு. அவங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்திச்சாம். இது வரைக்கும் யாருமே கேக்கலையாம்.”